சோற்றுக்குப் பின்னால் நிற்கும் புல்

ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரிடமும் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. நஞ்சை எது, புஞ்சை எது, வாய்க்கால் எது, சுடுகாடு எது என்று ஊர் நிலம் முழுவதையும் புல எண் வாரியாக அதில் எழுதியிருக்கும். அந்த வரிசையில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றும் சில எண்கள் வரும். ஊர்க் கால்நடைகள் மேய்வதற்கென்றே விட்ட பொது நிலம் அது. திருச்சி மாவட்டத்தின் மேட்டுப்பாங்கான ஊர்களில், மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டி, துறையூர்ப் பக்கம், அந்த எண்களைத் தேடிக்கொண்டு நடந்தால் பல இடங்களில் ஆள் நுழைய முடியாத சீமைக் கருவேலங்காடுதான் நிற்கிறது. சில இடங்களில் கட்டடம். சில இடங்களில் குப்பைமேடு. சில இடங்களில் யாரோ வேலி போட்டு எடுத்துக்கொண்ட கொல்லை. காகிதத்தில் இருக்கிற மேய்ச்சல் தரையில் இல்லை.

உணவுப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நெல். மேட்டூர் ஜூன் 12 திறக்குமா, முக்கொம்புக்கும் கல்லணைக்கும் தண்ணீர் எப்போது வந்து சேரும், குறுவை எத்தனை ஏக்கர், கொள்முதல் நிலையத்தில் எவ்வளவு ஈரப்பதம் வரை எடுப்பார்கள் என்று நாள் தவறாமல் கணக்குப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சோற்றில் விழும் தயிர், குழந்தையின் டம்ளரில் இருக்கும் பால், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் வேகும் கறி, அந்த நெல்லின் வேருக்கே போன எரு என இத்தனைக்கும் பின்னால் நிற்பது புல். அது எங்கே விளைகிறது, எவ்வளவு விளைகிறது, எவ்வளவு போய்விட்டது என்று நாள்கணக்குப் பார்ப்பவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று அரசுப் புள்ளிவிவரத்தில் மிஞ்சியிருப்பது ஒரு விழுக்காடுகூட இல்லை. அந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நிலத்தையும் உணவு விளையும் நிலம் என்று நாம் எண்ணுவதில்லை. அப்படி எண்ணியாக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்த இடம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. பள்ளிக்கூடத்தில் ஒருவேளைச் சோறு என்பது அன்றைக்குப் பெரிய காரியம். பசி குறைந்தது, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் வயிறு நிறைய வேறு சரக்கு, உடம்பு தேற வேறு சரக்கு என்பது சீக்கிரமே தெரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது வளர்ந்து வளர்ந்து வாரத்துக்கு ஐந்து என்றாயிற்று. அரிசியிலிருந்து முட்டைக்கு வந்த அந்த நகர்வை நம் உணவுக் கொள்கையின் மிக நல்ல திருப்பங்களில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

ஆனாலும் 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தின் நிலை இது. ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் சாப்பாட்டின்மேல் போட முடியாது. ஆனால் மூன்று வேளையும் சோறே பெரும்பங்காக இருந்து, பாலும் முட்டையும் கறியும் மீனும் பருப்பும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே வரும் வீடுகள் நம்மிடம் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியத்தை உரிமையாக்கியது. தானியத்துக்கு அப்பால் அது அதிகம் போகவில்லை.

முட்டையை எடுத்துக்கொண்டால் அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பக்கத்து மாவட்டமான நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் ஓடுவது மக்காச்சோளத்திலும் சோயாவிலும். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூர், இன்று மாநிலத்தில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம். அதே மக்காச்சோளத்தை இப்போது எத்தனால் ஆலைகளும் கேட்கின்றன. மனிதன் சாப்பிடக்கூடியதை, அல்லது மனித உணவு விளையக்கூடிய நிலத்தை, கோழி பங்குபோட்டுக்கொள்கிறது. கோழி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு எல்லைக்குள்தான் வளர முடியும்.

அசைபோடும் பிராணியின் கதை வேறு. மாட்டின் வயிறு நான்கு அறைகொண்டது. முதல் அறையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், நம் குடலால் தொடக்கூட முடியாத நாரைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. கரும்புத் தோகை, வைக்கோல், கரட்டுக் காட்டுப் புல் எல்லாம் அந்த வழியாகத்தான் பாலாகவும் கறியாகவும் மாறுகின்றன. உலகம் முழுவதும் கால்நடைகள் தின்பதில் 86 விழுக்காடு மனிதன் உண்ண முடியாத பொருள் என்று ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டார்கள். நெல் விளையாத இடத்தின் புல்லைக்கொண்டு சத்துணவு தருவது ஆடும் மாடும். திருச்சி மாவட்டத்தில் காவிரிப் பாசனம் எட்டும் லால்குடி, ஸ்ரீரங்கம் போன்ற பகுதிகளை விட்டால், எஞ்சியதில் பெரும்பகுதி மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். இந்த மேட்டு நிலத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. அந்த விடை வாரந்தோறும் மணப்பாறையில் கூடுகிறது.

சந்தை சொல்லும் சேதி

மணப்பாறை மாட்டுச்சந்தை செவ்வாய் மாலை சேர ஆரம்பித்துப் புதனன்று கலையும். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவார்கள். ஊர்ப் பெயரே மாட்டுக்கு அடைமொழியாகி, சினிமாப் பாட்டில் ஏறி, உழவே தெரியாதவர்கள் வாயிலும் புழங்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘மணப்பாறை மாடு’ என்பது காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் போலப் பதிவுபெற்ற தனி இனம் இல்லை. உழவுக்கும் வண்டிக்கும் நல்ல மாடு வேண்டுமென்றால் அந்தச் சந்தைக்குப் போ என்று ஊர் உலகம் கொடுத்த நற்சான்று அது. சுற்றுவட்டாரம் முழுக்க மேய்ச்சல் இருந்ததால்தான் இப்படி ஒரு சந்தை அங்கே முளைத்தது.

இப்போது கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். 2012இல் தமிழ்நாட்டில் மாடுகள் 88 லட்சம், 2019இல் 95 லட்சம். கூடியதில் பெரும்பகுதி கொட்டகையில் கட்டிவைத்துக் கறக்கும் கலப்பினப் பசு. எருமை 7.8 லட்சத்திலிருந்து 5.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. செம்மறி ஆடு கிட்டத்தட்ட 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது. வெள்ளாடு மட்டும் 81 லட்சத்திலிருந்து 99 லட்சத்துக்குத் தாவியது. கால்நடைத் துறை இதைத் தலைக்கணக்காகப் படிக்கும். எனக்கு இது நிலத்தின் கணக்காகத் தெரிகிறது. எருமைக்குத் தண்ணீரும் சேறும் பசும்புல்லும் வேண்டும். செம்மறி தலைகுனிந்து தரைப் புல்லை மேயும் பிராணி, அதற்குத் திறந்த வெளி வேண்டும். வெள்ளாடு தலைநிமிர்ந்து தழை கடிக்கும், வேலியோரத்திலும் சீமைக் கருவேல நெற்றிலும் பிழைத்துக்கொள்ளும். புல்லை நம்பியவை இறங்கியிருக்கின்றன, முள்ளிலும் பிழைக்கத் தெரிந்தது ஏறியிருக்கிறது. வேறு காரணங்களும் இருக்கலாம், உழவுக்கு டிராக்டர் வந்தது, மேய்க்க ஆள் கிடைக்காதது என்று. ஆனால் புல்வெளி சுருங்கியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அட்டவணையை நான் பார்த்ததில்லை.

திருச்சியின் பெயரையே தாங்கிய ஓர் ஆடு உண்டு என்பது திருச்சிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ‘திருச்சி கருப்பு’ என்பது நாட்டின் பதிவுபெற்ற செம்மறி இனங்களில் ஒன்று. உடம்பு முழுக்கக் கருப்பு, சிறிய கட்டு, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவை கறிக்கு மட்டுமே என்றிருக்க, இதன் முரட்டு உரோமம் கம்பளிக்கும் போனது. இதன் தாய்நிலம் பெரம்பலூர், அரியலூர், திருச்சி. அந்த நிலத்தில் என்ன நடந்தது? பெரம்பலூரின் தரிசும் சிறுதானியக் கொல்லையும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் போயின. அரியலூரின் மேடுகள் சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாயின. ஓர் இனத்தைக் காப்பாற்ற விந்தணு வங்கி வைத்தால் மட்டும் போதாது. அது நின்று மேய்ந்த தரை வேண்டும்.

கிடை கட்டும் இரவுகள்

புல்லுக்கும் நெல்லுக்கும் இருக்கும் உறவு வெளிச்சமாகத் தெரிய வேண்டுமானால் தை, மாசியில் லால்குடியிலிருந்து கிழக்கே டெல்டாவுக்குள் போக வேண்டும். சம்பா அறுத்த வயலில் தாள் நிற்கும், வரப்பில் புல் இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். பகலெல்லாம் அறுத்த தாளில் மேய்ச்சல். இரவில், பேசி முடித்த வயலில் வலை கட்டிக் கிடை. குட்டிகளைக் கூண்டில் மூடி வைப்பார்கள். இத்தனை ஆட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நிலக்காரர் பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். ஆடியில் நடவு தொடங்கும் வரை இப்படியே ஓடும், அதன்பின் தெற்கே திரும்புவார்கள், அங்கே மழை வந்ததும் புல் முளைக்கும். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கையின் இன்னல் தெரியும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு எந்த ஊரும் ஊர் இல்லை. பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகிறது, ஆடு களவு போனால் எந்தக் காவல் நிலையத்திலும் பேச்சு எடுபடாது.

ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பது உழவர் வழக்கு. சோதனைச்சாலை அதை எண்ணாகச் சொல்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் கணக்கில் ஆட்டெருவில் தழைச்சத்து 3 விழுக்காடு, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடுதான். கிடை கட்டினால் சாணியோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும், வண்டிக்கூலி கிடையாது, அள்ளிக்கொட்ட ஆள் கிடையாது. யூரியாவுக்கு மத்திய அரசு கோடி கோடியாக மானியம் தருகிறது. அந்த யூரியாவுக்கான இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதே தழைச்சத்தை நெடுந்தூரம் நடந்தே கொண்டுவந்து வயலில் போட்டுவிட்டுப் போகும் கீதாரிக்கு நாம் என்ன தந்தோம்? நாட்டின் உணவுப் பாதுகாப்பில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்று எந்த ஆவணத்திலும் எழுதவில்லை.

இப்போது கிடை கட்டவும் வழி குறுகிக்கொண்டு வருகிறது. அறுவடை இயந்திரம் வைக்கோலை நறுக்கிச் சிதறடிக்கிறது, பின்னாலேயே கட்டும் இயந்திரம் வந்து அதை உருளையாகச் சுருட்டுகிறது, உருளைகள் லாரியில் ஏறிக் கேரளம் வரை போகின்றன. உழவருக்கு உடனே கையில் காசு, தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு லாரியிலும் டெல்டா மண்ணின் சாம்பல்சத்து ஏறிப்போகிறது என்பதும் உண்மை. குட்டைரக நெல் வந்த பிறகு ஏக்கருக்கு நெல் கூடியது, நெல்லோடு ஒப்பிட்டால் வைக்கோல் குறைந்தது. பசுமைப் புரட்சியின் கணக்கில் அந்தக் குறைவு ஏறவே இல்லை, மாட்டுத் தொழுவத்தில்தான் தெரிந்தது.

சாகாத ஆடுகள்

இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக வைத்திருந்தவர்கள் சோழர் காலத்துக் கோயில் கணக்கர்கள். ஒரு நந்தா விளக்கு எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய். அந்த நெய்க்கு முதலாகக் கோயிலுக்கு ஆடுகளை எழுதிவைப்பார்கள். சோழநாட்டுக் கல்வெட்டுகளில் விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு என்பது பரவலான அளவு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வைத்த அளவு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடுகளை மன்றாடிகள் எனப்பட்ட இடையர்களின் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு செத்தால் குட்டி அந்த இடத்தை நிரப்பும், கிழடானால் இளசு வரும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. முதல் அழியாமல் வட்டியை மட்டும் எடுப்பது என்ற கொள்கை அதில் இருக்கிறது.

இந்த ஏற்பாடு எந்த நிலத்தில் நின்றது என்பதையும் அதே கல்வெட்டுகள் காட்டுகின்றன. தஞ்சைக் கல்வெட்டில் ஊர்களின் வரியில்லா நிலங்களை வரிசைப்படுத்தும்போது, குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு ‘கன்று மேய்பாழ்’ என்றும் வருகிறது. கன்று மேய்வதற்கென்று விட்ட பாழ் நிலம். விளைந்தால் வரி என்று ஒரு சாண் விடாமல் அளந்த அரசு, மேய்ச்சல் நிலத்துக்கு வரி போடவில்லை. அந்த நிலத்திலிருந்து நெய்யும் எருவும் உழவு மாடும் வருகின்றன என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய இந்திய அரசு செயற்கைக்கோள் படம் பார்த்துத் தயாரித்த தரிசு நில வரைபடத்தில், 2019ஆம் ஆண்டுப் பதிப்பின்படி நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 17 விழுக்காடு தரிசு. சீரழிந்த மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் அந்தப் பட்டியலுக்குள்தான் வருகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் சூரிய மின்தகடு வைக்கலாம், தொழிற்பேட்டை கட்டலாம், மரம் நட்டுக் காடு என்று கணக்குக் காட்டலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஏற்கெனவே ஒருவருக்கு உணவு தந்துகொண்டிருக்கும் நிலம் அது என்ற எண்ணமே வராது.

அரங்கத்துப் பசுக்கள்

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப சேவையில் பெருமாள் முன்னால் பசுவும் யானையும் நிற்பது தினசரி வழக்கம். பக்தர்கள் பசுவைத் தானமாகக் கொடுக்கிறார்கள், அகத்திக்கீரைக் கட்டு வாங்கி வாயில் ஊட்டுகிறார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்ட அகத்தி, பசுவுக்கு நல்ல புரதத் தீவனம். அந்தக் கைப்பிடிக் கீரை ஊட்டுவதில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அலையும் பசுக்கள் அகத்தி தின்று வயிறு நிறைப்பதில்லை, குப்பைத்தொட்டிதான் அவற்றுக்கு மேய்ச்சல், பிளாஸ்டிக் பையும் சுவரொட்டியும் உள்ளே போகின்றன. மாநகராட்சி பிடித்து அடைக்கிறது, உரிமையாளர் அபராதம் கட்டி மீட்கிறார், மறுநாள் மாடு திரும்பத் தெருவில் நிற்கிறது. நகரத்து மாட்டுக்காரர்களைத் திட்டுவது எளிது. கறவை வைத்திருப்பவரிடம் கையகல நிலம் இல்லை, தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கலப்புத் தீவனமும் ஏறிய விலை அவருக்குத்தான் தெரியும். பால் உற்பத்திச் செலவில் பாதிக்குமேல் தீவனத்துக்கே போகிறது. ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயாயிற்று, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. பசும்புல் கிடைக்கும் வீட்டில் இந்த விலை கட்டுப்படியாகும். எல்லாவற்றையும் கடையில் வாங்கும் வீட்டில் ஆகாது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தீவு ஸ்ரீரங்கம். இருபுறமும் படுகை. ஒரு காலத்தில் கொள்ளிடக் கரை முழுக்க எருமையும் பசுவும் இறங்கி மேய்ந்த இடம். மணல் அள்ளிப் படுகை பள்ளமான பிறகு, கருவேலம் ஏறிய பிறகு, கழிவுநீர் கலந்த பிறகு அந்த மேய்ச்சல் சிதறிப்போனது. இப்போதும் தீவனத்துக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. வாழைத்தார் வெட்டிய தோட்டங்களில் தண்டும் இலையும் மலைமலையாகக் கிடக்கின்றன, லால்குடிக் கரும்பில் தோகை கிடைக்கிறது. தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதை மட்டும் போட்டுக் கறவையை ஓட்ட முடியாது, நறுக்கி வைக்கோலோடும் வேலிமசாலோடும் கலந்து போட வேண்டும். போதாவூர் பக்கம் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கொட்டப்பட்டில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, அதே கொட்டப்பட்டில் ஆவின் இருக்கிறது, நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனையும் இருந்தும் தோட்டத்துக் கழிவு மாட்டின் வாய்க்குப் போய்ச்சேர ஒழுங்கான வழி அமையவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

கொங்கு காட்டும் வழி

திருச்சிக்கு மேற்கே கரூரைத் தாண்டி அரவக்குறிச்சி, காங்கேயம் பக்கம் போனால் கொரங்காடு தெரியும். வருஷத்துக்கு அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் சரளை மண். அதில் உழவர்கள் தங்கள் சொந்த நிலத்தையே மேய்ச்சல் காடாக விட்டிருக்கிறார்கள். சுற்றி முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம். புல் வெயிலில் காய்ந்துபோனால் வெள்வேல் நெற்று உதிர்ந்து தீவனமாகும். காட்டைச் சிறு சிறு துண்டாக வேலியிட்டு, ஒன்றில் மேயவிட்டு மற்றதைத் துளிர்க்க விடுவார்கள். காங்கேயம் மாட்டின் எலும்பும் உரமும் இந்தக் காட்டில் விளைந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது, நம் காலத்தில் கார்த்திகேய சிவசேனாபதியின் சேனாபதி காங்கேயம் ஆராய்ச்சி நிறுவனம் கொரங்காட்டையும் மாட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்று பேசிவருகிறது. சேர்த்தே என்பதுதான் முக்கியம்.

புல்லின் குருத்து நிலத்தை ஒட்டி அடியில் இருக்கிறது. மேலே கடித்தால் அது சாகாது, மறுபடி துளிர்க்கும். துளிர்க்க நாள் கொடுக்காமல் திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் வற்றிச் சாகும். மேய்ச்சல் நிலம் மாட்டால் கெடுவதில்லை, ஓய்வில்லாமல் கெடுகிறது. கொங்கு உழவருக்கு இது தெரியும். பொது மேய்க்காலில் இந்த ஒழுங்கைக் காப்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு போனதும் நிலம் போனது. கொரங்காடு பிழைத்ததற்கு அது பட்டா நிலம் என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நிலமே இல்லாத ஆட்டுக்காரருக்குக் கொரங்காடு உதவாது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு லட்சம் குடும்பங்கள் இலக்கு. பல வீடுகளில் பெண்கள் கையில் முதல்முறையாகச் சொத்து வந்தது, நல்ல திட்டம்தான். ஆட்டோடு மேய்ச்சலையும் கொடுத்திருந்தால் அது இன்னும் எத்தனையோ மடங்கு பலித்திருக்கும்.

மாநிலத்தில் 2016 வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. டெல்டாவில் நெற்பயிர் கருகிய அந்த ஆண்டில் மானாவாரிக்காரர் பலர் ஆட்டை விற்றே நாளைத் தள்ளினார்கள். நெல் ஒரு பருவம் தவறினால் முழுசாகத் தவறும், மந்தையில் பாதியாவது மிஞ்சும். மழை இப்படிக் கண்ணாமூச்சி காட்டும் காலத்தில் பயிரை மட்டும் நம்பிய ஊரைவிட, பயிரும் புல்லும் ஆடும் வைத்திருக்கும் ஊர் தாங்கும்.

உலகத்தில் இதை உரக்கச் சொன்னவர்கள் உண்டு. சீனாவின் லான்ஜோவில் புல்வெளி அறிவியலைக் கட்டியெழுப்பிய ரென் ஜிசோவ், தானியத்தையே உணவென்று நினைக்கும் பழக்கம் நாட்டைத் தவறான பாதையில் இழுக்கிறது, விளைநிலத்திலும் புல்லுக்கு இடம் கொடுத்தால் தானியத்தின்மேல் விழும் பாரம் குறையும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். நம் நாட்டிலோ பயிர் நிலத்தில் தீவனத்துக்குப் போவது 4 அல்லது 5 விழுக்காடுதான், பல பத்தாண்டுகளாக அது அசையவில்லை. ஜான்சியில் 1962இல் தொடங்கிய இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் தன் 2050 தொலைநோக்கு ஆவணத்தில் பசுந்தீவனப் பற்றாக்குறையை 35.6 விழுக்காடு என்று எழுதியது. 1998 முதல் பால் உற்பத்தியில் உலகின் முதல் நாடாக இருந்து, 2023-24இல் 23.9 கோடி டன் கறந்த நாட்டின் நிலை இது. மூன்றில் ஒரு பங்குப் பசியோடு நிற்கும் மாட்டிடம் இவ்வளவு வாங்குகிறோம்.

மாடு மீத்தேன் விடுகிறது, பருவநிலை கெடுகிறது என்ற வாதத்தை ஒதுக்கித் தள்ளக்கூடாது, அது உண்மை. அரைகுறைத் தீவனத்தில் ஐந்து மாடு வைத்து ஐந்து லிட்டர் கறப்பதைவிட, நல்ல புல்லும் பயறுவகைத் தீவனமும் போட்டு இரண்டு மாட்டில் அதே பாலைக் கறந்தால் லிட்டருக்கான மீத்தேன் குறையும். நல்ல புல்வெளி வேர் வழியாகக் கரியை மண்ணில் சேர்க்கவும் செய்யும். கிணறு உள்ள வீட்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடலாம், முதல் வெட்டுக்கு இரண்டரை மாதம், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. தண்ணீர் இல்லாத மருங்காபுரிக் காட்டுக்கு நேப்பியரைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை, அங்கே கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும்தான் நிற்கும்.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்றே சொல்லிவிட்டது. மணப்பாறை, மருங்காபுரி வட்டங்களில் மேய்க்கால் புறம்போக்கைப் புல எண் வாரியாக அளந்து ஊர்ச்சபையில் படிக்கட்டும். கருவேலத்தை வேரோடு எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த கையோடு அடுத்த மழைக்குக் கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும், இரண்டு வருஷம் மேய விடக்கூடாது, இல்லையென்றால் கருவேலமே திரும்ப வரும். வேலை உறுதித் திட்டத்தில் குளம் வெட்டிய கைகளுக்குப் புல் விதைக்கவும் முடியும். 2021 முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை போடும் மாநிலம், மேய்ச்சல் நிலத்துக்கென்று அதில் ஒரு தலைப்பு திறக்கலாம்.

கீதாரிகளின் பேரிலும் அண்மையில்தான் முதல்முறையாகக் கணக்கு எழுதப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, மேய்ச்சல் சமூகங்களையும் அவர்கள் மந்தைகளையும் தனியாக எண்ணியது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கூட்டமும் சுவரொட்டியும் நடக்கும், நடக்கட்டும். தையில் மந்தைகள் லால்குடிப் பக்கம் இறங்கும்போது 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் கால்நடை ஊர்தி கிடை இருக்கும் இடத்துக்கே தேடிப் போய் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். எந்த வாய்க்கால் கரை வழியாக மந்தை போகலாம், எந்த ஏரியில் தண்ணீர் காட்டலாம் என்பதை வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். களவு போன ஆட்டுக்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தில் அன்றைக்கே புகார் பதிவாக வேண்டும்.